நடுவர்களே, ட்ரிக்குகளை மட்டும் எண்ணாதீர்கள்

மதிப்பிற்குரிய கிளிப் போட்டி நடுவர்களுக்கு,

வணக்கம். சென்ற சுற்றின் முடிவுகளைப் பார்த்தேன். ‘செஷன்’ என்ற ஸ்கேட்போர்டு வீடியோ விளையாட்டில் பலகை வித்தைகளை (ட்ரிக்குகளை) படமெடுத்து நான் அனுப்பிய கிளிப்புக்கு நீங்கள் எழுதியிருந்தது ஒரே வரி: “ட்ரிக்குகள் மிக எளிமையானவை.” தோற்றதில் எனக்கு வருத்தமில்லை. வென்றவரின் கைத்திறனை மனதாரப் பாராட்டுகிறேன். அவ்வளவு உயரப் படிக்கட்டில் நோலி 360 ஃப்ளிப் (பலகையின் முன்முனையைத் தட்டி எழும்பி, பலகையை முழுச் சுற்றாகச் சுழற்றிப் புரட்டுவது) போட எனக்கு இன்னும் நாளாகும். ஆனால் அவர் அதைப் போட்டபோது கேமரா எங்கே இருந்தது? விளையாட்டு தானாக வைத்த இடத்தில், ஓட்டுபவரின் முதுகுக்குப் பின்னால். பலகை சுழன்றது தெரிந்தது. கால் அதைப் பிடித்த நொடி தெரியவே இல்லை. உங்கள் குறிப்பில் அதைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை.

ட்ரிக்கையும் அதைப் படமெடுத்த விதத்தையும் பிரிக்காமல் ஒன்றாக வைத்து மதிப்பிடுங்கள். நான் கேட்பது இது ஒன்றுதான்.

என் கிளிப்பில் மூன்றே ட்ரிக்குகள். களம், விளையாட்டுக்குள் வரும் நியூயார்க் புரூக்ளின் பாலத்தடியில் உள்ள செங்கல் சரிவுகள். நிஜத்தில் 2010-இல் பாலச் சீரமைப்புக்காக அடைக்கப்பட்டு ஆண்டுக்கணக்கில் பூட்டிக் கிடந்த அதே இடம். சமதளத்தில் பலகையைக் காலடியில் ஒரு முறை புரட்டும் கிக்ஃப்ளிப், சரிவில் ஏறி 180 பாகைத் திருப்பம், கடைசியில் திண்டின் மேல் இரண்டு சக்கர அச்சுகளும் உரசிச் செல்லும் ஃபிஃப்டி-ஃபிஃப்டி. ஓட்டி முடிக்க ஒரு மாலை போதுமாக இருந்தது. படமெடுக்க மூன்று இரவுகள் ஆயின. ஓட்டியதைத் திரும்பக் காட்டும் ரீப்ளேயில் கேமராவின் பாதையைப் புள்ளி புள்ளியாகக் குறிக்க வேண்டும். இரண்டு புள்ளிகளுக்கு இடையே நேரம் சற்றுப் பிசகினாலும் கேமரா ஆவிபோல மிதக்கும். கையில் கேமராவோடு பலகையில் ஏறிப் பின்தொடரும் மனிதன் அப்படி நகர மாட்டான். திருப்பத்தில் அவன் அரை நொடி பிந்துவான், பிறகு எட்டிப் பிடிப்பான். அந்தப் பிந்தலைக் கொண்டுவரத்தான் ஓர் இரவு முழுவதும் போனது. சரிவில் ஏறும்போது லென்ஸைச் செங்கல்லுக்கு ஒரு சாண் மேலே நிறுத்தினேன். இன்னும் கொஞ்சம் இறக்கினால் கேமரா தரைக்குள் புகுந்து வெற்றிடத்தைக் காட்டும். கொஞ்சம் ஏற்றினால் சரிவு தட்டையாகிவிடும். எளிய ட்ரிக்குகளைத் தேர்ந்தெடுத்ததே இதற்காகத்தான். நிதானமாக ஓடும் வரிசையை அருகிலிருந்து காட்ட வேண்டும் என்று முடிவு செய்த பிறகே ட்ரிக்குகளை முடிவு செய்தேன்.

1999-இல் வந்த டோனி ஹாக் விளையாட்டில் இரண்டு நிமிடத்துக்குள் ட்ரிக் மேல் ட்ரிக் அடுக்கினால் புள்ளிகள் பெருகும். அங்கே அது சரி, அந்த விளையாட்டே அதுதான். ‘செஷன்’ அப்படியல்ல. கையில் பிடிக்கும் கன்ட்ரோலரில் இடது காலுக்கு ஒரு குச்சி, வலது காலுக்கு ஒரு குச்சி என்று கொடுத்துவிட்டு, புள்ளி போடாமல் நம்மை ஓட்டவிடுகிறது. அதற்குள் புள்ளிக் கணக்கைத் திரும்பக் கொண்டுவருவது நீங்கள்தான். சோனி விஎக்ஸ்1000 வீடியோ கேமராவில் ஃபிஷ்ஐ என்னும் மிக அகன்ற கோண லென்ஸ் மாட்டி, தாங்களும் பலகையில் ஏறி, சக்கரங்களுக்கு ஒரு முழ தூரத்தில் குனிந்தபடியே நிஜ ஸ்கேட்டர்களைப் பின்தொடர்ந்து படமெடுத்தவர்களிடமிருந்துதான் இந்தக் கலையே நமக்கு வந்தது. அவர்களின் உழைப்பை வெறும் அலங்காரமாக நினைப்பது எனக்குக் கோபத்தைத் தருகிறது.

படப்பிடிப்புக்காக மட்டும் மதிப்பெண் கொடுங்கள் என்று நான் சொல்லவில்லை. பழைய வீடியோ நாடாவின் கோடுகளைப் பூசி, தடுமாறிய தரையிறக்கத்தை வெட்டி மறைக்கும் கிளிப்புகளையும் கண்டிருக்கிறேன். அவற்றுக்கும் பரிசு கூடாது. நீளமான கைப்பிடிக் கம்பியில் வழுக்குவதைத் தூரத்து லென்ஸில் பக்கவாட்டிலிருந்து எடுத்தால் முழு நீளமும் தெரியும். அதையே ஃபிஷ்ஐயில் ஒட்டி நின்று எடுத்தால் பாதி தூரம் காணாமல் போகும். இந்த ட்ரிக்குக்கு இந்தக் கோணம் பொருந்தியதா என்று நடுவர்கள் கேட்க வேண்டும்.

அடுத்த சுற்றின் விதிகளை வெளியிடும் முன், ட்ரிக்கையும் படமெடுத்த விதத்தையும் ஒன்றாகவே மதிப்பிடுவோம் என்று ஒரு வரி சேர்க்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். முடிந்தால் என் கிளிப்பை இன்னொரு முறை ஒலியோடு பாருங்கள். மதிப்பெண்ணை மாற்ற வேண்டாம். சரிவில் ஏறும் அந்த நான்கு நொடிகளைப் பற்றி ஒரு வரி எழுதுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் போட்டியாளர்களில் ஒருவன்