மாலை போடுறதுக்கு முன்னாடி

பாளையங்கோட்டை

மாப்ளே,

கடிதம் கிடைச்சுது. மகளுக்கு நர்சிங் சீட் கிடைச்சதுல ரொம்பச் சந்தோஷம்.

உன் மச்சினன் விஷயத்துக்கு வாரேன். கார்த்திகை ஒண்ணாம் தேதி மாலை போட்டு, அன்னைக்கே குடியை விட்டுருவான்னு எழுதியிருக்க. மாலை போடட்டும். ஆனா தினம் ரெண்டு குவார்ட்டர், விடிஞ்சதும் கை உதறல் அடங்க ஒரு கட்டிங்னு இருக்கவன் வீட்டுல வச்சுத் திடீர்னு நிறுத்தக் கூடாது. ஒரு குவார்ட்டர்ல சுத்த ஆல்கஹாலே 60 கிராம் இருக்கு. வருஷக்கணக்கா அது அமுக்கி வச்ச மூளை, அது நின்னதும் கட்டவுத்த காளை மாதிரி எகிறும்.

கடைசிக் குடிக்கு அப்புறம் 6 - 8 மணி நேரத்துல நடுக்கம், வேர்வை, குமட்டல். முதல் ரெண்டு நாளுக்குள்ள வலிப்பு வரலாம். பெரிய கண்டம் ரெண்டாம் நாளுக்கும் நாலாம் நாளுக்கும் நடுவுல. காய்ச்சலும் படபடப்புமா, ஆளு அடையாளம் தெரியாம, இல்லாத பூச்சியைப் போர்வையில இருந்து தட்டிக்கிட்டே கிடப்பான். நம்மூர்ல பேய்னு கோடாங்கியைக் கூப்பிடுவாவ. அந்த ராத்திரியில உயிரே போயிரலாம்லே.

ஆஸ்பத்திரின்னா எகிறுற மூளையை அடக்க குளோர்டயசெபாக்சைடு மாதிரி மாத்திரையை முதல் நாள் கூடுதலாக் கொடுத்து, ஒரு வாரத்துக்குள்ள படிப்படியாக் குறைச்சு நிறுத்துவாங்க. ஈரல் கெட்டிருந்தா லோராசெபாம். அதோட தயமின் ஊசி, அதாவது வைட்டமின் பி1. சோர்வா கிடக்கான்னு பக்கத்துக் கிளினிக்ல வெறும் குளுக்கோஸ் பாட்டிலை ஏத்த விட்டுராத. மிச்சம் இருக்க தயமினையும் குளுக்கோஸ் தின்னுரும். கண் அசைவு, நடை, ஞாபகம் எல்லாம் கெடும். தயமின்தான் முன்னாடி போகணும்.

அந்த வாரம் உடம்பைத்தான் தேத்தும், குடிக்கணுங்கிற ஆசை அப்படியே இருக்கும். அதுக்கு நால்ட்ரெக்சோன், அகாம்ப்ரோசேட்னு மாத்திரை உண்டு. மாசக்கணக்குல கவுன்சிலிங், குடியை விட்டவங்க சேர்ந்து நடத்துற ஏ.ஏ. (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்) கூட்டம் வேணும். தங்கச்சி கேட்ட, சாப்பாட்டுல தெரியாமக் கலக்குற மருந்து வேண்டவே வேண்டாம். அப்படிக் கலக்குறது டைசல்ஃபிராம்ங்கிற மருந்து. அது உள்ள இருக்கையில குடிச்சா பிரஷர் இறங்கி ஆளே விழுந்துருவான்.

உங்க தெருப் பையன் அபின் வகை வலி மாத்திரையைக் கரைச்சு ஊசி போடுதானாமே. அதை நிறுத்துனா பெரும்பாலும் உயிர் போகாது. ஆனா சிகிச்சை முடிஞ்சு வீட்டுக்கு வந்து பழைய அளவையே போட்டான்னா மூச்சு நின்னுரும், உடம்புல பழைய தாங்கு சக்தி இருக்காதுல்லா.

மச்சினனை மாலைக்குப் பத்து நாள் முன்னாடியே ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரி மனநலப் பிரிவுக்குக் கூட்டிட்டு வா. அதுவரை திடீர்னு நிறுத்த வேண்டாம். எவ்வளவு குடிக்கான், கடைசியா எப்போ குடிச்சான், முன்னாடி வலிப்பு வந்துச்சா, என்னென்ன மாத்திரை எடுக்கான் - எல்லாத்தையும் ஒரு தாள்ல எழுதிக் கொண்டா. ராத்திரி கூட இருக்க ஒரு ஆளும் வேணும்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுக்காரன்