வராதவனுக்கு ஏது பங்கு?

பெரியவன் அம்மாவுக்கு,

ஐப்பசி வந்தால் வருஷம் திரும்புகிறது. திதி முடிந்த கையோடு நம் வீட்டுக்கே போய்விடுவது என்று முடிவு செய்துவிட்டேன். கோயம்புத்தூரில் எனக்கு ஒரு குறையும் இல்லை. மருமகள் நன்றாகத்தான் பார்த்துக்கொள்கிறாள். அவளும் இதைப் படிப்பாள் என்பதற்காகச் சொல்லவில்லை, நிஜமாகவே. மற்றபடி காரணம் உனக்குத் தெரியும்.

சின்னவள் மகள் போனில் பேசினாள். இப்போது பள்ளிக்கூடத்தில் காலையிலும் சாப்பாடு போடுகிறார்கள், மதியம் வாரத்தில் ஐந்து நாளும் முட்டை. "எனக்குப் பிடிக்கலை தாத்தா, பக்கத்துல இருக்கவளுக்குக் குடுத்துடுவேன்" என்றாள். எனக்குச் சுரீர் என்றது.

1989. பதினைந்து நாளைக்கு ஒரு முட்டை என்று கலைஞர் ஆட்சியில் ஆரம்பித்த புதிது. அன்றைக்குப் பெரியவனுக்குக் காய்ச்சல், பள்ளிக்கூடம் போகவில்லை. நான் டூட்டி முடிந்து வருகிறேன், அவன் பாயில் படுத்தபடி வாசலையே பார்த்துக்கொண்டிருக்கிறான். நீ சத்துணவுக் கூடத்தில் சமைத்துவிட்டு வந்தாய். சேலை முழுக்கப் புகை வாடை, கையில் தூக்குவாளி. அவன் எழுந்து உட்கார்ந்தே விட்டான். வாளி காலி.

"அவன் பங்கு முட்டை எங்கே?" என்றேன்.

"வராதவனுக்கு ஏது பங்கு? ரிஜிஸ்டர்ல ஆப்சென்ட்டு."

பெற்ற பிள்ளைக்கு ஒரு முட்டை எடுத்து வர மனசு வரவில்லையா என்று தெருவே கேட்கக் கத்தினேன். நீ குரலை உயர்த்தவே இல்லை. "எங்கண்ணன் உங்க பஸ்ஸுல ஏறினப்ப டிக்கெட் கிழிச்ச ஆளுதானே நீங்க?" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குள் போய்விட்டாய். கிழித்தேன்தான். செக்கிங் ஏறியிருந்தால் என் வேலை போயிருக்கும். பச்சைப் பிள்ளையின் முட்டையும் அதுவும் ஒன்றா? இன்றைக்கும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஆனால் நீ சமைத்த கூடத்தில் ஒரு முட்டை கணக்கில் குறைந்ததாக எவனும் சொன்னதில்லை. அதை ஊரில் சொல்லிக்கொண்டு திரிந்தவனும் நான்தான்.

1982-ல் நம்ம பாப்பாக்குறிச்சியில் எம்ஜிஆர் சத்துணவைத் தொடங்கி வைத்தாரே, அந்த வருஷமே பெரியவனை இடுப்பில் தூக்கிக்கொண்டு வேலைக்குப் போனவள் நீ. கேஸ் அடுப்பு வரும்வரை ஈரக் கருவேலம் விறகோடு மல்லுக்கட்டினாய். டாக்டர் உன்னைப் பார்த்து, "புகை பிடிப்பீங்களாம்மா?" என்று கேட்டபோது இருமலுக்கு நடுவே சிரித்தாய். என் பீடியும் ஒரு காரணமாக இருக்குமோ என்று சின்னவள் ஒருநாள் கேட்டாள். நான் அதை விட்டு எத்தனையோ வருஷம் ஆகிறது. விறகுப் புகைக்கு முன்னால் அது எம்மாத்திரம்? இருந்தாலும் வீட்டுக்குள் உட்கார்ந்து பிடித்திருக்க வேண்டாம். மன்னித்துக்கொள்.

ஆஸ்பத்திரியில் கிடந்த கடைசி வாரத்தைப் பற்றி இங்கே எழுதப் போவதில்லை. நாலு பேர் படிக்கிற இடம்.

ஆனால் ஒன்று கேட்கிறேன். ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் அண்டா அண்டாவாகப் பொங்கிப் போட்டாயே, எனக்கு ஒரு ரசம் வைக்கச் சொல்லிக் கொடுத்தாயா? அடுப்படிப் பக்கம் வந்தாலே "நீங்க போங்க" என்று விரட்டினாய். ஒரு ஆளுக்கு எவ்வளவு பருப்பு என்றுகூடத் தெரியாமல் நிற்கிறேன். முப்பது சொச்சம் வருஷ உழைப்புக்கு மாசம் 2,000 ரூபாய் பென்ஷன் வந்தது, அதையும் பேரப்பிள்ளைகளுக்கு மிட்டாயும் கொலுசுமாக வாங்கியே தீர்த்தாய். உனக்கென்று வாங்கியது அந்த ஊதாச் சேலை ஒன்றுதான். அதை உடுத்தி நான் பார்த்தது ஒரே தடவை, சின்னவள் வளைகாப்பில். அழகாக இருந்தாய். அப்போது சொல்லவில்லை, சுற்றிலும் சொந்தக்காரர்கள்.

உன் நினைவு நாளுக்கு பிளெக்ஸ் வைக்க வேண்டும் என்கிறான் பெரியவன். போட்டோ தேடினால் ஒன்றிலும் நீ நேராக நிற்கவில்லை, யாருக்காவது பரிமாறிக்கொண்டிருக்கிறாய். பிளெக்ஸ் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ரெண்டு நாளாக முகம் கொடுத்துப் பேசமாட்டேன் என்கிறான். இதற்கெல்லாம் நடுவில் நின்று சமாதானம் செய்கிறவள் நீ. சரி, ராத்திரி சாப்பிட வரட்டும், நானே பேசிப் பார்க்கிறேன்.