"எனக்கு ஏதாவது வந்திருக்கா?"

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நான் 22 வருடமாகத் தபால் பட்டுவாடா செய்கிறவன். பத்திரிகைக்கு எழுதுவது இதுதான் முதல் தடவை. போன விடுமுறை நாளில் நடந்த ஒரு சின்ன விஷயம் மனதைவிட்டுப் போகவே இல்லை, அதனால் எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகப் போனால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மகளைக் கூட்டிக்கொண்டு ஏரிக்கரைக்குப் போயிருந்தேன். ஒன்பது வயது அவளுக்கு. தட்டையான கல்லை எப்படி வீசினால் தண்ணீர்மேல் தவளை மாதிரி தத்திக்கொண்டு போகும் என்று சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். ஆட்காட்டி விரலைக் கல்லின் விளிம்பில் வளைத்துப் பிடிக்க வேண்டும், உடம்பைப் பக்கவாட்டில் சாய்த்துக் கையைத் தாழ்வாக வீச வேண்டும். பத்துப் பதினைந்து கல் 'பொளக்' என்று மூழ்கிய பிறகு ஒரு கல் மூன்று தடவை தத்தியது. அவள் திரும்பி என் முகத்தைப் பார்த்தாள். அதே நொடியில் பின்னாலிருந்து ஒரு குரல்: "என்ன சார், இங்க இருக்கீங்க! எனக்கு ஏதாவது வந்திருக்கா?"

அவர் என் பீட்டில், அதாவது நான் தபால் கொடுக்கிற தெருக்களில், குடியிருப்பவர்தான், நல்ல மனிதர். மகனுக்கு வேலை உத்தரவு வரவேண்டும் என்று ஒரு மாதமாக வாசலிலேயே காத்திருக்கிறவர். நேற்றுவரை வரவில்லை என்று சொன்னேன். அப்புறம் ஒரு பார்சலைப் பற்றிக் கேட்டார், போன மாதம் பக்கத்து வீட்டுக்குத் தவறிப்போன ஒரு கவரைப் பற்றிக் கேட்டார், விலாசம் மாற்ற யாரிடம் எழுதிக்கொடுக்க வேண்டும் என்று கேட்டார். கால் மணி நேரம் இருக்கும். நான் திரும்பிப் பார்த்தபோது மகள் படிக்கட்டில் உட்கார்ந்து செருப்பு மாட்டிக்கொண்டிருந்தாள். "போலாம்பா" என்றாள். கோபம்கூட இல்லை அந்தக் குரலில், அதுதான் என்னை உறுத்தியது. அவளுக்கு இது பழகிப்போய்விட்டது.

அவர்மேல் எனக்கு வருத்தம் எதுவும் இல்லை. ஒரு கடிதத்துக்காகக் காத்திருப்பவரின் மனது எப்படி இருக்கும் என்பது எங்களைவிட யாருக்குத் தெரியும்? ஆனால் தபால்காரரை மக்கள் பார்ப்பது வாசலில் ஒரு நிமிடம் மட்டும். அந்த ஒரு நிமிடத்துக்கு முன்னும் பின்னும் என்ன இருக்கிறது என்று யாராவது சொன்னால்தானே தெரியும்.

நாங்கள் பையைத் தூக்கிக்கொண்டு வெளியே வருவதற்குள்ளேயே வேலையில் ஒரு பெரும்பங்கு முடிந்திருக்கும். வந்த கட்டுகளைப் பிரித்து, தெருவாரியாகப் போட்டு, பிறகு ஒவ்வொரு தெருவையும் கால் போகிற வரிசைக்கு அடுக்க வேண்டும். வீட்டு எண்ணின் வரிசை வேறு, காலின் வரிசை வேறு. 14-க்கு அடுத்த 15 எதிர்ப்பக்கம் இருக்கும், அதனால் 16, 18, 20 என்று ஒரு பக்கமாகப் போய், முனையில் திரும்பி, மறுபக்கமாக இறங்கி வர வேண்டும், நடுவில் ஒரு சந்து பிரிந்தால் அதற்குள் போய்வருவது எந்த வீட்டுக்கு அப்புறம் என்பதும் கையில் இருக்கிற கட்டிலேயே இருக்க வேண்டும். ஒரு கவர் இடம் மாறிவிட்டால் அந்த வீட்டைத் தாண்டிய பிறகுதான் தெரியும். வெயிலோ மழையோ, திரும்பி நடக்க வேண்டியதுதான். பதிவு செய்த தபால் தனி. கையெழுத்து வாங்காமல் கொடுக்க முடியாது. கதவு பூட்டியிருந்தால் சீட்டு எழுதி வைத்துவிட்டு வந்து, அதற்கும் கணக்கு எழுத வேண்டும்.

இப்போது கடிதம் குறைந்துவிட்டதே, உங்களுக்கு வேலையும் குறைந்திருக்குமே என்று கேட்கிறார்கள். கடிதம் குறைந்தது உண்மைதான். அந்த இடத்துக்குப் பார்சல் வந்துவிட்டது. கடிதம் பைக்குள் அடங்கும், பெட்டிக்குள் விழும். பார்சல் இரண்டிலும் அடங்காது. மணி அடித்து, காத்திருந்து, ஆளைப் பார்த்துக் கொடுக்க வேண்டும், ஒவ்வொரு வாசலிலும் இரண்டு நிமிடம் கூடினால் அது எங்கே போய் முடியும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

உடம்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். பல வருடம் ஒரே தோளில் பையை மாட்டி நடந்ததில் என் வலது தோள் இறங்கிவிட்டது. சட்டை தைக்கிறவர் அளவெடுக்கும்போதுதான் எனக்கே தெரிந்தது. காலையில் எழுந்து தரையில் வைக்கும் முதல் அடியில் குதிகாலில் ஊசி குத்துகிற மாதிரி ஒரு வலி, பத்து அடி நடந்தால் மட்டுப்படும். குதிகாலிலிருந்து விரல்வரை அடிப்பாதத்தில் ஓடுகிற தசைநார் ஓயாமல் இழுபட்டுப் புண்ணாவதால் வருவது என்று மருத்துவர் சொன்னார். நாள் முழுக்க நின்றும் நடந்தும் பிழைக்கிறவர்களுக்குச் சாதாரணமாக வருவதாம். புதிதாக இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் முதலில் சொல்வது, பையைக் குறுக்காக மாட்டு, பாதி வழியில் தோளை மாற்று, தேய்ந்த செருப்போடு ஒரு நாள்கூட நடக்காதே.

சரி, இவ்வளவு நடக்கிறவனுக்கு லீவு நாளில் வெளியே சுற்றல் எதற்கு, வீட்டில் படுத்துத் தூங்க வேண்டியதுதானே என்று சொந்தக்காரர்களே கேட்டிருக்கிறார்கள். நானும் முதல் பத்து வருடம் அப்படித்தான் இருந்தேன். விடுமுறை என்றால் படுக்கை. மத்தியானம்வரை தூக்கம், சாயங்காலம் தலைவலி, மறுநாள் காலையில் முழங்கால் மடங்க மறுக்கும். அந்தப் பத்து வருடத்தில் மனைவியோடு எங்கே போனேன் என்று யோசித்தால் மருத்துவமனையும் கல்யாண வீடுகளும்தான் ஞாபகத்துக்கு வருகின்றன.

பிறகு ஒருநாள் அவளே கட்டாயப்படுத்தி ஒரு பூங்காவுக்கு அழைத்துப் போனாள். உள்ளே போய் ஐந்து நிமிடத்தில் அவள் என் பின்னால் இருபது அடி தள்ளி வந்துகொண்டிருந்தாள். நான் பட்டுவாடா நடை நடந்திருக்கிறேன், எனக்கே தெரியவில்லை. "என்ன, கையில தபால் இருக்கா?" என்று கேட்டாள். நின்றேன். அவள் வரும்வரை காத்திருந்து, அவள் கால் எடுத்து வைக்கும்போது நானும் எடுத்து வைத்தேன். அந்த நடை எனக்குப் புதிது. தெருவில் நடக்கும்போது கண் கதவு எண்ணையும் பெட்டியையும் தேடும், காது வாசல்கதவுக்குப் பின்னால் நாய்ச்சங்கிலி இழுபடும் சத்தத்தைத் தேடும், மனது அடுத்த மூன்று வீட்டில் இருக்கும். பூங்காவில் மரத்துக்கு எண் கிடையாது. தோளில் எதுவும் இல்லாமல், எந்த வாசலிலும் நிற்க வேண்டிய அவசியம் இல்லாமல், ஒரு நெட்டிலிங்க மரத்தை அடியிலிருந்து நுனிவரை அன்றைக்குத்தான் முழுசாகப் பார்த்தேன்.

அதிலிருந்து வாரா வாரம் எங்கேயாவது போய்வருகிறோம். பெரிய பயணம் எதுவும் வைத்துக்கொள்வதில்லை. ஏரி, நூலகம், தெரிந்தவர் தோட்டம், பஸ்ஸில் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடக்கூடிய ஒரு சின்ன மலைப்பாதை. பாதி நாள், அவ்வளவுதான். நிழலும் தண்ணீரும் உட்கார ஒரு பெஞ்சும் இருந்தால் போதும். நீச்சல் தெரிந்த தபால்காரர்களுக்கு நான் நீச்சலைத்தான் முதலில் சொல்வேன். காலுக்கு எடை இல்லாத ஒரே இடம் தண்ணீர்தான். தோளும் விரிந்துகொடுக்கும். இப்படி வாரா வாரம் போய்வர ஆரம்பித்த பிறகு மறுநாள் காலை முழங்கால் மடங்குகிறது, தலைவலி வருவதில்லை. அதைவிட, என் மகளோடு என்ன பேசுவது என்பது எனக்குத் தெரிந்துவிட்டது.

நடப்பது உடம்புக்கு நல்லது, உங்களுக்கு அதிர்ஷ்டம் என்பார்கள். அதில் உண்மை இருக்கிறது. லண்டனில் ஜெர்ரி மோரிஸ் என்ற மருத்துவர் 1953-இல் வெளியிட்ட ஆய்வில், மாடி பஸ்ஸில் உட்கார்ந்தே ஓட்டும் டிரைவர்களைவிட மாடிப்படி ஏறி இறங்கும் கண்டக்டர்களுக்கு மாரடைப்பு குறைவு என்று கண்டார். அதே ஆய்வில் தபால்காரர்களையும் பார்த்தார். அலுவலகத்தில் உட்கார்ந்து வேலை பார்க்கும் குமாஸ்தாக்களையும் தொலைபேசி ஆபரேட்டர்களையும்விட எங்களுக்கு இதயம் நன்றாக இருந்திருக்கிறது. இதைப் படித்தபோது எனக்குப் பெருமையாகவே இருந்தது. ஆனால் இதயத்துக்குக் கிடைத்த நன்மையைத் தோளும் குதிகாலும் பங்குபோட்டுக்கொள்வதில்லை, அவற்றுக்கு வேண்டியது வேறு.

விடுமுறை நாள் என்பதே தபால்காரர்களுக்குச் சும்மா வந்துவிடவில்லை. அமெரிக்காவில் 1912 வரை ஞாயிற்றுக்கிழமையும் தபாலகத்துக்குப் போய்க் கடிதம் வாங்கிக்கொள்ளலாம். பாதிரியார்களும் தபால் ஊழியர்களும் சேர்ந்து குரல் கொடுத்த பிறகுதான் அந்த வருடம் சட்டம் போட்டு நிறுத்தினார்கள். சர்வதேச தொழிலாளர் அமைப்பு 1957-இல் கடைகளிலும் அலுவலகங்களிலும் வேலை செய்கிறவர்களுக்காக 106-ஆம் எண் ஒப்பந்தத்தைக் கொண்டுவந்தது. ஏழு நாளைக்கு ஒருமுறை இடைவிடாமல் குறைந்தது 24 மணி நேரம் ஓய்வு என்பது அதன் சாரம். அதிலும் தபால் சேவையைத் தானாகச் சேர்க்கவில்லை, ஒப்பந்தத்தை ஏற்கிற நாடு விரும்பினால் தனியாக அறிவித்துச் சேர்த்துக்கொள்ளலாம் என்று வைத்திருக்கிறார்கள். எனக்கு இது சரியாகப் படவில்லை. வாரம் பூராவும் நடக்கிறவனைப் பட்டியலில் முதலில் அல்லவா எழுதியிருக்க வேண்டும்.

மகளுக்கு நான் அடிக்கடி சொல்கிற ஒரு கதை இருக்கிறது, கதையென்றால் நிஜமாக நடந்தது. பிரான்ஸில் ஓத்ரீவ் என்ற கிராமத்தில் ஃபெர்டினான் ஷவால் என்று ஒரு தபால்காரர். தினமும் 30 கிலோமீட்டருக்கும் மேல் நடக்கிற பீட் அவருக்கு. 1879-இல் ஒருநாள் நடந்துபோகும்போது ஒரு கல் தடுக்கியது. குனிந்து எடுத்துப் பார்த்தார். அதன் வடிவம் பிடித்துப்போய்ப் பையில் போட்டுக்கொண்டார். மறுநாள் அதே இடத்தில் இன்னும் நல்ல கற்கள். முதலில் சட்டைப்பையில், அப்புறம் கூடையில், அப்புறம் தள்ளுவண்டியில் என்று சேர்த்தார். பட்டுவாடா நேரத்தில் கற்களைப் பார்த்துக் குவித்து வைத்துவிட்டு, வேலை முடிந்ததும் அதே வழியில் வண்டியோடு திரும்பப் போய் எடுத்து வருவாராம். ராத்திரி விளக்கு வெளிச்சத்தில் கட்டுவார். தான் கொண்டுபோய்க் கொடுத்த படத் தபால் அட்டைகளிலும் பத்திரிகைகளிலும் பார்த்த கோயில்கள், கோட்டைகள், மிருகங்கள் எல்லாம் அதில் வந்தன. 33 வருடம். 1912-இல் முடித்தபோது 26 மீட்டர் நீளத்துக்கு ஒரு கல் மாளிகை நின்றது. 10,000 நாள், 93,000 மணி நேரம் என்று அதன்மேலேயே பொறித்து வைத்தார். ஊரார் பைத்தியம் என்றார்கள். 1969-இல் பிரெஞ்சு அரசு அதைப் பாதுகாக்கப்பட்ட சின்னமாக அறிவித்தது.

எல்லாரும் ஷவால் மாதிரி மாளிகை கட்ட வேண்டும் என்று நான் சொல்லவில்லை, என்னால் ஒரு திண்ணைகூடக் கட்ட முடியாது. எனக்கு அதில் பிடித்தது, சீருடையைக் கழற்றிய பிறகு இருந்த நேரம் அந்த மனிதருக்கு முழுசாகச் சொந்தமாக இருந்தது. வேலை முடிந்தபின் யாரும் கைபேசியில் கூப்பிட்டு "என் பார்சல் எங்கே" என்று அவரைக் கேட்டிருக்க முடியாது. எங்களை இப்போது கேட்கலாம், கேட்கிறார்கள். ஒருமுறை எண்ணைக் கொடுத்துவிட்டால் அது தெரு முழுக்கப் போய்விடுகிறது. நூலகத்தில் அமைதியாக உட்கார்ந்திருக்கும்போது அழைப்பு வரும், எடுக்காவிட்டால் மறுநாள் வாசலில் முகம் மாறும், எடுத்தால் கையில் இருக்கிற புத்தகத்தை மூடிவிட்டு வெளியே ஓட வேண்டும். எடுத்துத்தான் பழக்கம்.

இந்தக் கடிதத்தைப் படிக்கிறவர்களிடம் நான் கேட்பது இதுதான். பார்சல் எங்கே இருக்கிறது என்று பார்க்கப் பதிவு எண் இருக்கிறது, தபாலக நேரம் இருக்கிறது. வேலை நாளில் வாசலில் எவ்வளவு வேண்டுமானாலும் கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறோம். பட்டுவாடா முடிகிற சாயங்காலத்திலிருந்து அடுத்த வேலை நாள் காலைவரை எங்களைக் கூப்பிட வேண்டாம். இளம் தபால்காரர்களிடமும் ஒன்று கேட்கிறேன்: விடுமுறை நாளைத் தூங்கியே தீர்த்துவிடாதீர்கள், பாதி நாளையாவது பை இல்லாமல் எங்கேயாவது நடந்து பாருங்கள், வீட்டில் இருப்பவர்களையும் கூட்டிக்கொண்டு.

ஏரிக்கரையில் பார்த்த அந்தப் பெரியவருக்கும் ஒரு வார்த்தை, அவர் இந்தப் பத்திரிகையைத் தினமும் படிக்கிறவர் என்பதால் எழுதுகிறேன். உங்கள் மகனின் வேலை உத்தரவு வந்த அன்றைக்கு உங்கள் தெருவை முதலில் முடித்துவிட்டுத்தான் மற்ற தெருவுக்குப் போவேன், பீட்டின் வரிசை மாறினாலும் பரவாயில்லை. அடுத்த விடுமுறைக்கும் நாங்கள் அதே படிக்கட்டுக்குத்தான் வருகிறோம். நீங்களும் வாருங்கள். என் மகள் நான்கு தத்து வைக்க வேண்டும் என்று வீட்டுப் பின்பக்கம் தட்டைக் கற்களாகப் பொறுக்கிச் சேர்த்துக்கொண்டிருக்கிறாள்.

இப்படிக்கு,
ஒரு தபால்காரர்