கேட்டைத் திறக்கும்போதே லைட் எரிய வேண்டும்

அன்புள்ள கண்ணு,

நேற்று போனில் பேசியது எனக்குப் போதவில்லை. உனக்கு டூட்டிக்கு நேரமாகிவிட்டது, நானும் சொல்ல வந்ததை முழுசாகச் சொல்லவில்லை, அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். ராத்திரி பத்தரைக்கு ஆஸ்பத்திரியிலிருந்து வந்து இருட்டில் பூட்டைத் தடவிக்கொண்டு நிற்கிறாய் என்று கேட்டதிலிருந்து மனசு சரியில்லை. ஆள் நடமாடினால் எரிய வேண்டிய சென்சார் லைட், ஆள் இல்லாத நேரமெல்லாம் தானாக எரிந்துவிட்டு, நீ வரும்போது எரியவில்லை என்றால் அதை மாட்டி என்ன பிரயோஜனம். ஆனால் அவசரப்பட்டுப் புது லைட் வாங்காதே. நீ அனுப்பிய வீடியோவை நாலைந்து தடவை பார்த்தேன். லைட் நன்றாகத்தான் இருக்கிறது, மாட்டிய இடம்தான் தப்பு.

அந்த வெள்ளைக் குமிழுக்குள் இருக்கிற சென்சாருக்கு ஆளெல்லாம் தெரியாது, சூடுதான் தெரியும். சுவர், தரை இவற்றின் சூட்டிலிருந்து வேறுபட்ட ஒன்று தனக்குக் குறுக்கே நகர்ந்தால் சட்டென்று உறைக்கும். நேராக அதை நோக்கியே நடந்து வந்தால் ரொம்பக் கிட்டே வந்த பிறகுதான் உறைக்கும். உன் வீட்டில் கதவுக்கு மேலே கேட்டைப் பார்த்த மாதிரி மாட்டியிருக்கிறார்கள், நீயும் கேட்டிலிருந்து நேர்கோட்டில்தான் வருகிறாய். போதாததற்குச் சித்திரை வெயில். பகலெல்லாம் காய்ந்த சிமென்ட் தரை ராத்திரியிலும் உடம்புச் சூட்டுக்குப் பக்கத்தில் இருந்தால், உன்னையும் தரையையும் பிரித்துப் பார்க்க அது திணறும். மார்கழியில் நன்றாக எரிந்தது என்றாயே, அதற்குக் காரணம் இதுதான்.

தானாக எரிவதற்கு ஏசியின் அவுட்டோர் யூனிட்தான் காரணம் என்று நினைக்கிறேன். லைட்டுக்கு இரண்டடி கீழே இருக்கிறது, ஓடும்போதெல்லாம் சூடான காற்றை மேலே தள்ளுகிறது, அதில் தொட்டி வாழையின் இலையும் ஆடிக்கொண்டே இருக்கிறது.

நம் மாட்டுக் கொட்டகை லைட்டும் இப்படித்தான் விடிய விடிய விட்டு விட்டு எரிந்தது. இரண்டு ராத்திரி கயிற்றுக் கட்டிலைப் போட்டுக் காத்திருந்து பார்த்தேன். வெளிச்சத்துக்கு ஈசல் வருகிறது, ஈசலுக்குப் பல்லி வருகிறது, அந்தப் பல்லி லென்ஸ் மேலேயே வயிற்றை ஒட்டிக்கொண்டு படுத்துவிட்டு, பூச்சி வந்ததும் விருட்டென்று பாய்கிறது. ஓரத்தில் சிலந்தி வலை வேறு. காய்ந்த துணியால் துடைத்துவிட்டு, பல்பை மட்டும் மூன்றடி தள்ளி மாட்டினேன். பூச்சியெல்லாம் பல்போடு போய்விட்டது, அன்றிலிருந்து தொந்தரவு இல்லை.

உனக்கும் சென்சாரைப் பக்கவாட்டுத் தூணில், எட்டடி உயரத்தில் மாற்றிவிடலாம். கேட்டிலிருந்து நீ வரும் வழி அதற்குக் குறுக்கே வரும். ஏசி பக்கம் பார்க்கிற லென்ஸ் ஓரத்தில் கருப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டிவிட்டால் அந்தத் திசை அதற்குத் தெரியாது. அடியில் மூன்று திருகு இருக்கும். நிலா படம் போட்டது எவ்வளவு இருட்டினால் வேலை செய்ய வேண்டும் என்பதற்கு, அதைச் சூரியன் பக்கம் திருப்பியிருந்தால் பகலிலும் எரியும். டைம் திருகைச் சோதிக்கும்போது மட்டும் குறைத்து வைத்துக்கொள்ள வேண்டும், அப்புறம் இரண்டு நிமிஷத்துக்கு ஏற்றிவிடலாம், பூட்டைத் திறக்க அது போதும்.

மாடி லைட் அணையவே மாட்டேன் என்கிறது என்றாயே, கரண்ட் விட்டு விட்டு வந்ததா? சுவிட்சைச் சட்டென்று இரண்டு தடவை அணைத்துப் போட்டால் நிரந்தரமாக எரிகிற ஏற்பாடு நிறைய மாடல்களில் உண்டு, கரண்ட் கண் சிமிட்டினாலும் அப்படி ஆகும். சுவிட்சை அரை நிமிஷம் அணைத்து வைத்துவிட்டுப் போடு. போட்டதும் ஒரு நிமிஷம் சும்மா எரியும், பயப்படாதே, அது தன்னைத் தயார் பண்ணிக்கொள்கிறது.

அணைத்த பிறகும் லேசாக மினுக்குகிறது என்றால் மட்டும் தொடாதே. சுவிட்சைக் கரண்ட் வருகிற பேஸ் வயரில் கொடுக்காமல், திரும்பிப் போகிற நியூட்ரல் வயரில் கொடுத்திருக்கலாம். அப்படியென்றால் சுவிட்சை அணைத்தாலும் ஹோல்டரில் கரண்ட் இருக்கும். முப்பது வருஷம் வயரிங் வேலை பார்த்தவன் சொல்கிறேன், வீட்டுக் கரண்டையே நிறுத்துகிற மெயின் எம்சிபி சுவிட்சை இறக்காமல் யாரையும் அதில் கை வைக்க விடாதே, தனியாக ஏணியில் ஏறவும் ஏறாதே.

ஞாயிற்றுக்கிழமை கோபியிலிருந்து முதல் பஸ்ஸில் கிளம்பி வருகிறேன். டெஸ்டர், டிரில்லிங் மெஷின் எல்லாம் நான் கொண்டு வருகிறேன், ஏணி மட்டும் பக்கத்து வீட்டில் கேட்டு வை. அதுவரை டூட்டிக்குப் போகும்போது திண்ணை பல்பைப் போட்டுவிட்டே போ.

அன்புடன்,
அப்பா