குழம்புக்கு எதற்கு எலும்பில்லாத கறி?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் ஞாயிறு இணைப்பில் வருகிற சமையல் பக்கத்தை விடாமல் படிக்கிறவள் நான். சைவச் சமையலில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆட்டுக்கறி என்று வந்துவிட்டால் மட்டும் குழம்போ குருமாவோ சுக்காவோ எதுவானாலும் 'எலும்பில்லாத மட்டன் அரை கிலோ' என்றுதான் ஆரம்பிக்கிறது, கீழே போனால் 'குக்கரில் 5 விசில் விடவும்' என்று முடிகிறது. இந்த இரண்டு வரியைப் பற்றித்தான் எழுதுகிறேன், கொஞ்சம் நீளமாகப் போனால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் காசு. கறி கிலோ 800 ரூபாயைத் தாண்டி எங்கேயோ போய்க்கொண்டிருக்கிறது, எலும்பில்லாத தனிக்கறி வேண்டும் என்றால் கடைக்காரர் அதற்குத் தனி விலை சொல்கிறார். மாதச் சம்பளக்காரர் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை அரை கிலோ வாங்குவதே யோசித்து வாங்குகிற விஷயம். அப்படி வாங்குகிறவரிடம் போய் இருப்பதிலேயே விலை கூடினதை வாங்கு என்று எழுதினால், அவர் பக்கத்தை மடித்து வைத்துவிட்டுக் கோழி வாங்கப் போய்விடுவார்.

சரி, விலை கூடினாலும் ருசியாவது கூடுமா என்றால் குழம்பைப் பொறுத்தவரை அதுவும் இல்லை. ஆடு நாள் முழுக்கக் குனிந்து மேய்கிறது, அந்தத் தலையைத் தூக்கி இறக்குகிற கழுத்துக்கு ஓய்வே கிடையாது. உடம்புப் பாரத்தைச் சுமக்கிற முன்னங்கால் சப்பையும் கீழ்க்காலும் அப்படித்தான். அதிகம் உழைக்கிற சதையில் சவ்வும் நாரும் அதிகம். அந்தச் சவ்வில் இருக்கிற கொலாஜன் என்ற புரதம் சட்டென்று வறுத்தால் ரப்பர் மாதிரி இழுக்கும், ஆனால் தண்ணீரோடு நின்று நிதானமாக வெந்தால் கரைந்து ஜெலட்டினாக மாறிக் குழம்பில் இறங்கிவிடும். உதட்டில் லேசாக ஒட்டுகிற அந்தக் கெட்டித்தன்மை வருவது அதனால்தான், தேங்காய் அரைத்து ஊற்றுவதால் மட்டும் அது வந்துவிடாது. கொழுப்பும் சவ்வும் சுத்தமாக எடுத்த தனிக்கறியில் கரைவதற்கு என்ன இருக்கிறது? அதையும் அரை மணி நேரம் குக்கரில் போட்டால் சாறெல்லாம் தண்ணீரில் இறங்கி, கறி நார்நாராகச் சக்கையாகி நிற்கும். அதை வறுவலுக்கு வைத்துக்கொள்ளுங்கள், கொத்துக்கறிக்கு வைத்துக்கொள்ளுங்கள், யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

நம் ஊர்க் கறிக்குழம்பு பிறந்ததே எலும்போடுதான். தீபாவளிக்கோ ஊர்ப் பண்டிகைக்கோ நாலு வீடு சேர்ந்து ஒரு கிடா வாங்கி அறுத்துக் கூறு போடுகிற பழக்கம் கிராமங்களில் இன்னும் இருக்கிறது. வாழை இலையிலோ பாயிலோ வரிசையாகக் கூறு வைப்பார்கள், தொடையில் ரெண்டு துண்டு, கழுத்தில் ஒன்று, நெஞ்செலும்பு, ஈரலில் ஒரு கீற்று, குடல் கொஞ்சம் என்று எல்லாக் கூறிலும் எல்லாமும் இருக்கும். எனக்குத் தொடை மட்டும் போடு என்று யாரும் கேட்க முடியாது, கேட்டால் சண்டைதான். அப்படிக் கலந்து வந்த கறிக்கு ஏற்றபடி உருவான குழம்பில் தனிக்கறியை மட்டும் போட்டுவிட்டு 'பாட்டி வைத்த மாதிரி வரவில்லையே' என்று கேட்டால் எப்படி வரும்?

எலும்புக்கும் சேர்த்தா காசு கொடுப்பது என்று ஒரு கேள்வி வரும். நியாயமான கேள்விதான். அரை கிலோ எலும்புக்கறியில் கடித்துத் தின்கிற சதை குறைவுதான், ஆனால் குழம்பு பத்துப் பேருக்குக் காணும். முருங்கைக்காய், கத்தரிக்காய், வாழைக்காய், உருளைக்கிழங்கு என்று நம் வீடுகளில் கறியோடு காய் போடுவதே இதற்காகத்தான். எலும்பின் ருசியை இழுத்துக்கொண்ட வாழைக்காய்த் துண்டுக்குக் கறியை விட்டுக்கொடுக்கிற ஆட்கள் எங்கள் வீட்டிலேயே இருக்கிறார்கள். தனிக்கறிக் குழம்பில் காய் போட்டால் காய் காயாகத்தான் இருக்கும்.

கடையில் என்ன கேட்க வேண்டும் என்பதையும் உங்கள் பக்கத்தில் எழுதலாம். 'குழம்புக்குக் கலந்து போடுங்க அண்ணா, கழுத்து கொஞ்சம், நெஞ்செலும்பு கொஞ்சம், நல்லி ரெண்டு' என்று கேட்டால் போதும். நெஞ்செலும்பைச் சில ஊரில் மார்கண்டம் என்கிறார்கள். அந்தத் துண்டைக் கையில் எடுத்துப் பாருங்கள்: ஒரு வரி சதை, ஒரு வரி வெள்ளைக் கொழுப்பு, மறுபடி சதை, அடியில் குருத்தெலும்பு. வெந்த பிறகு அந்தக் குருத்து பல்லில் நறுக்கென்று உடையும், கொழுப்பு இருந்த இடமே தெரியாது. நல்லியை நீளமாக விடச் சொல்லி, ஒரு முனையை மட்டும் தட்டிக் கொடுக்கச் சொல்லுங்கள். பொடிப்பொடியாக வெட்டினால் மஜ்ஜை குழம்பில் கரைந்து போகும், எலும்புச் சில்லு குழந்தைகள் வாயில் குத்தும். கழுத்து எலும்பில் வளைவும் பொந்தும் நிறைய, ரத்தக்கட்டு ஒளிந்திருக்கும், அதனால் அதை மட்டும் கூடுதலாக ஒரு தண்ணீர் அலசுவது நல்லது.

இப்போது விசிலுக்கு வருகிறேன், எனக்கு உண்மையில் கோபம் வருவது இதில்தான். விசில் என்பது உள்ளே சேர்ந்த அதிகப்படி ஆவி வெளியே போகிற சத்தம். கறி எவ்வளவு நேரம் வெந்தது என்று அது சொல்லாது. சின்னக் குக்கரை எரிகிற அடுப்பில் வைத்தால் 5 விசில் பத்து நிமிஷத்துக்குள் வந்துவிடும், அதே கறியைப் பெரிய குக்கரில் சிறு தீயில் வைத்தால் அரை மணி நேரம் ஆனாலும் ஆகும். இரண்டும் ஒன்றாகுமா? வெயிட் ஏறிய குக்கருக்குள் சூடு 120 டிகிரி செல்சியஸ் அளவில் இருக்கும், திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 100-ஐத் தாண்டாது. ஆகவே கணக்கு நிமிஷத்தில்தான் இருக்க வேண்டும். முதல் விசில் வந்ததும் தீயைக் குறைத்துவிட்டு, இளங்கறி என்றால் 20 நிமிஷம், முற்றின கிடா என்றால் 35, ஆட்டுக்கால் என்றால் முக்கால் மணி நேரம். அப்புறம் அடுப்பை அணைத்துவிட்டு ஆவி தானாக அடங்கும்வரை தொடக்கூடாது. வெயிட்டைத் தூக்கிப் புஸ்ஸென்று விட்டால் உள்ளே குழம்பு தாறுமாறாகக் கொதிக்கும், கறியும் காய்ந்துபோகும். மண்சட்டியில் மூடி போட்டு வைக்கிறவர்களுக்கு இரண்டு மணி நேரம் வேண்டும். தளதளவென்று கொதிக்க விடாமல், ஓரத்தில் மட்டும் குமிழி வருகிற மாதிரி தீயை வைத்தால் போதும். கறி தானே தண்ணீர் விடும் என்பதால் கறி பாதி முழுகுகிற அளவுக்கு மேல் தண்ணீர் ஊற்றத் தேவையில்லை.

முடிந்தால் முந்தின நாள் இரவே வைத்துவிடுங்கள். ஆட்டுக் கொழுப்பு சீக்கிரம் உறையும் ரகம், ஃபிரிட்ஜில் வைத்தால் காலையில் மேலே வெள்ளைத் தகடாக நிற்கும், வேண்டாதவர்கள் கரண்டியால் அப்படியே பெயர்த்து எடுத்துவிடலாம். ஆட்டு வாடை பிடிக்காதவர்களுக்கும் இதுதான் வழி, அந்த வாடை பெரும்பாலும் கொழுப்பில்தான் இருக்கிறது. தகடுக்கு அடியில் குழம்பு கட்டியாகத் தளதளவென்று நின்றால் ஜெலட்டின் இறங்கியிருக்கிறது என்று அர்த்தம். சூடு பண்ணினால் பழையபடி இளகிவிடும், இட்லிக்கு அதுக்கு மேல் என்ன வேண்டும்.

எங்கள் சேலம் பக்கம் மேச்சேரி ஆடு பேர்போனது. செவலை நிறத்தில் இருக்கிற செம்மறி இனம், கறிக்கும் தோலுக்கும் மதிப்பு. ஆனாலும் கடையில் நிற்கிற பாதிப் பேர் 'வெள்ளாடுதானே?' என்று நாலு தடவை கேட்டுவிட்டுத்தான் வாங்குகிறார்கள். செம்மறியில் கொழுப்பு கொஞ்சம் கூடுதல்தான், குழம்புக்கு அது ஒன்றும் கெடுதல் இல்லை. மிளகும் சோம்பும் கொஞ்சம் தூக்கலாகப் போட்டால் சரியாகிவிடும்.

முஸ்லிம் வீட்டுக் கல்யாணங்களில் பிரியாணிக்குப் பக்கத்தில் வருகிற தால்ச்சாவை எல்லோரும் சாப்பிட்டிருப்பீர்கள். சதைக்கறி பிரியாணி வேகிற பெரிய தேகசாவுக்குப் போய்விடும், மிச்ச எலும்பும் கொழுப்பும் பருப்போடு வெந்து, கத்தரிக்காய், மாங்காய், புளி எல்லாம் சேர்ந்து தால்ச்சாவாகும். என்னைக் கேட்டால் அந்தப் பந்தியில் நல்ல சாமர்த்தியம் பிரியாணி அண்டாவில் இல்லை, தால்ச்சாவில்தான் இருக்கிறது. இதை ஒரு தடவையாவது உங்கள் பக்கத்தில் போட்டிருக்கிறீர்களா? வெளிநாட்டுச் சமையல் என்று வாரம் ஒரு பாஸ்தா போடுகிறீர்கள், அங்கேயும் ஏழை வீட்டுச் சமையல் இதே கதைதான். அயர்லாந்துக்காரர்களின் பழைய ஸ்டியூ என்பது ஆட்டுக் கழுத்து, உருளைக்கிழங்கு, வெங்காயம், தண்ணீர், அவ்வளவுதான். இங்கிலாந்தில் லங்காஷயர் மில் தொழிலாளர் வீடுகளில் கழுத்துக்கறிக்கு மேல் கிழங்கை வட்டம் வட்டமாக அடுக்கி ஓவனில் மெல்ல வேக விடுவார்கள், அதற்குப் பெயர் ஹாட்பாட். நம் நாட்டிலேயே டெல்லி நிஹாரிக்குக் கீழ்க்கால் சதையை ராத்திரி முழுக்க வேக வைத்துக் காலையில் ரொட்டியோடு சாப்பிடுகிறார்கள்.

தலை, கால், குடல், சுவரொட்டி (மண்ணீரல்) பற்றியும் சொல்லாமல் விட்டால் குறைதான். பொசுக்கிச் சுரண்டின கால் நாலும் ஒரு செட்டாகக் கிடைக்கும், ஒரு குடும்பத்துக்கு ரெண்டு வேளைப் பாயா அதில் தாராளமாக வரும். இதே பாயாவை ஓட்டலில் கிண்ணத்துக்கு விலை போட்டு ஆப்பத்தோடு விற்றால் வரிசையில் நின்று சாப்பிடுகிறவர்கள், வீட்டில் வைத்தால் முகம் சுளிக்கிறார்கள். குடல் சுத்தம் பண்ணுகிற வேலை பெரிய வேலைதான், மறுக்கவில்லை. வயிற்றுப் பகுதியைக் கொதிநீரில் முக்கி எடுத்துக் கறுப்புத் தோலைக் கத்தி முதுகால் சுரண்ட வேண்டும், பிறகு மஞ்சளும் கல் உப்பும் போட்டுப் பலமுறை அலச வேண்டும். அதனால் நேரம் இருக்கிற நாளில்தான் குடல் வாங்கணும். ஈரலைக் கறியோடு குக்கரில் போட்டால் செங்கல்தான், கடைசி ஐந்தாறு நிமிஷம் இருக்கும்போது போட்டால் போதும். யூரிக் அமிலம், மூட்டுவீக்கம் உள்ளவர்கள் இந்த உள்ளுறுப்பு வகைகளை அளவோடு வைத்துக்கொள்வது நல்லது. ஈரலில் வைட்டமின் ஏ மிக அதிகம், ஆகவே கர்ப்பிணிகள் மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு சாப்பிடட்டும்.

என் கோரிக்கை ரொம்பச் சின்னது. இனிமேல் கறிச் சமையல் போடும்போது 'மட்டன் அரை கிலோ' என்று மொட்டையாகப் போடாமல் ஆட்டின் எந்தப் பகுதி என்று போடுங்கள். விசில் கணக்கை விட்டுவிட்டு நிமிஷக் கணக்கு கொடுங்கள், குக்கர் இல்லாதவர்களுக்குச் சட்டிக் கணக்கும் பக்கத்திலேயே இருக்கட்டும். தீபாவளி மலருக்கு இப்போதே வேலை தொடங்கியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அதில் படத்துக்காக மேலே முந்திரி தூவின தனிக்கறி வறுவல் ஒன்று போட்டால், எதிர்ப் பக்கத்தில் கழுத்து எலும்புக் குழம்பும் தால்ச்சாவும் ஒவ்வொன்று போடுங்கள். அளவெல்லாம் வேண்டுமென்றால் கேளுங்கள், எழுதி அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
சேலம்.