சுடுகாட்டுப் பாதையும் சமயத்தாரின் பொறுப்பும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வாணியம்பாடியை அடுத்த நாராயணபுரத்தில், பாலாற்றுப் பாலத்தின் மேலிருந்து ஓர் உடலைக் கயிறு கட்டிக் கீழே இறக்கிய காட்சியை 2019 ஆகஸ்டில் கண்டவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். சுடுகாட்டுக்குப் போகும் வழியில் இருந்த நிலங்களின் ஊடே பாடையைத் தூக்கிச் செல்ல இயலாத நிலையில், தலித் மக்கள் தம்மில் இறந்த ஒருவரை அவ்வாறுதான் ஆற்றுக்குள் கொண்டுசேர்த்தார்கள். சென்னை உயர் நீதிமன்றம் அச்செய்தியைத் தானாக முன்வந்து வழக்காக எடுத்துக்கொண்டது.

இதற்குச் சட்டம் இல்லாமல் இல்லை. தீண்டாமையை ஒழித்த அரசியலமைப்பின் 17-ஆம் பிரிவு 1950-லிருந்தே நடப்பில் உள்ளது. 2016 ஜனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்த வன்கொடுமைத் தடுப்புச் சட்டத் திருத்தம், இடுகாட்டையும் சுடுகாட்டையும் மற்றவர்களுக்குச் சமமாகப் பயன்படுத்த விடாமல் பட்டியல் சாதியினரையும் பழங்குடியினரையும் தடுப்பதைப் பெயர் சொல்லியே குற்றமாக்கியிருக்கிறது. மயானங்களின் முகப்பில் சாதியைக் குறிக்கும் பலகைகளை அகற்றி, அவற்றை எல்லோருக்கும் பொதுவாக்க வேண்டும் என்று 2021 டிசம்பரில் உயர் நீதிமன்றமும் வலியுறுத்தியது. சாதி வேறுபாடற்ற மயானம் உள்ள சிற்றூர்களுக்குத் தலா 10 லட்சம் ரூபாய் ஊக்கத்தொகை என்று தமிழக அரசு அறிவித்தது. எனவே வருவாய்த் துறையையும் காவல் துறையையும் மட்டும் குறைகூறிக்கொண்டிருப்பதில் எனக்கு உடன்பாடில்லை. இறந்தவரின் காரியம் சமயத்தின் பெயரால் நடப்பது. அந்தக் காரியத்தில் நிகழும் அநீதிக்குச் சமயத்தார்தான் முதலில் பதில் சொல்லவேண்டும்.

நம் ஊர்ச் சுடுகாடுகள் பலவற்றின் வாயிலில் அரிச்சந்திரனுக்கு ஒரு கல்லோ சிறு கோயிலோ இருக்கிறது. பாடையை அங்கே இறக்கி வைத்து, வெட்டியான் சொல்லவேண்டியதைச் சொல்லி முடித்த பிறகே உடல் உள்ளே போகும். நாட்டையும் மனைவி மக்களையும் இழந்து, காசியில் சுடலை காக்கும் அடிமையாக நின்ற அரசனை வணங்கி உள்ளே நுழையும் நாம், அதே வேலையைத் தலைமுறை தலைமுறையாக ஒரு சாதியார் மீது சுமத்தி, அவர்களுடைய உடலுக்கு மட்டும் அந்த வாயிலை அடைத்துவைத்திருக்கிறோம். சுடலைப் பொடி பூசியவன், காடுடைய சுடலையில் ஆடுபவன் என்று சிவனைப் போற்றும் மரபும், திருவாலங்காட்டுச் சுடுகாட்டு ஆட்டத்தைப் பாடிய காரைக்கால் அம்மையாரைத் தாயாகக் கொண்டாடும் மரபும் நம்முடையவை. இறைவன் ஆடும் இடத்தில் சாதிக்கு ஒரு மூலை எந்த ஆகமத்தின்படி ஒதுக்கப்பட்டது என்று அறங்காவலர்கள் யாரேனும் விளக்கினால் கேட்டுக்கொள்ள அணியமாக இருக்கிறேன்.

இது இந்துக்களுக்கு மட்டும் உரிய குறையன்று. மண்ணிலிருந்து வந்தவர் மண்ணுக்கே திரும்புவார் என்று நெற்றியில் சாம்பல் பூசி நினைவூட்டும் திருச்சபையில், திருச்சி மேலப்புதூர்க் கல்லறைத் தோட்டத்தைச் சாதியால் பிரித்த சுவரை எதிர்த்து தலித் கத்தோலிக்கர்கள் போராட வேண்டியிருந்தது. சாதிப் பிரிவினையைத் தொடரச் செய்யும் வழக்கங்களைத் திருத்த வேண்டும் என்று, 2003 நவம்பரில் தம்மைச் சந்தித்த தமிழக ஆயர்களிடம் போப் இரண்டாம் ஜான் பால் நேரிலேயே கூறினார். வசதி படைத்தவருக்கும் கூலிக்காரருக்கும் உடலைச் சுற்ற ஒரே வெள்ளைக் கபன் துணி, அடக்கம் செய்ய ஒரே மையவாடி என்ற முஸ்லிம்களின் நடைமுறை மற்றவர்கள் எண்ணிப் பார்க்கத் தக்கது.

நான் ஆசிரியராகப் பணியாற்றிய ஓர் ஊரில், கார்த்திகை மழையில், என் மாணவன் ஒருவனின் தந்தை இறந்தார். காலனியின் சுடுகாட்டுக்கு வண்டிப்பாதை கிடையாது. இடையில் இருந்த பட்டா நிலத்தில் நடவு முடிந்திருந்தது. நிலத்துக்காரர் வரப்பில் நின்றுகொண்டு, நாற்றை மிதிக்கக் கூடாது என்றார். பாடை தூக்கியவர்கள் இடுப்பளவு நீர் ஓடிய வாய்க்காலில் இறங்கி, உடலைத் தலைக்கு மேல் உயர்த்திப் பிடித்துக்கொண்டு நடந்தார்கள். கொள்ளிச் சட்டி அணைந்துவிடாதபடி என் மாணவன் தன் சட்டையைக் கழற்றி மூடிப் பிடித்திருந்தான். வரப்பில் நின்ற அந்த மனிதர் ஆண்டுதோறும் ஊர்க்கோயிலில் அன்னதானம் செய்பவர். அவரைக் கொடியவர் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவர் செய்வது பாவம் என்று, அவர் மதிக்கும் ஒருவர்கூட அவரிடம் சொன்னதில்லை என்பதுதான் என் வருத்தம். அன்று கரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்த நானும் சொல்லவில்லை.

கோயில் அறங்காவலர்கள், மடத்தின் தலைவர்கள், பங்குத் தந்தையர் ஆகியோரிடம் தங்கள் நாளிதழ் வழியாக ஒரு வேண்டுகோளை வைக்கிறேன். வரும் அக்டோபர் 2 கிராம சபைக் கூட்டத்தில் நீங்கள் பொதுமக்களோடு அமர்ந்து, ஊருக்கு ஒரே மயானம், அதற்கு எல்லோரும் செல்லும் ஒரே பாதை, வெட்டியான் வேலைக்குச் சாதி பாராத ஊதியப் பணியிடம் என்னும் தீர்மானத்தை முன்மொழியுங்கள். பாதைக்கு நிலம் தேவைப்படும் ஊர்களில், கோயில் திருவிழாவுக்கு நன்கொடை கேட்டு நீங்கள் ஏறும் அதே வீட்டுப் படிகளில், மூன்று மீட்டர் அகல நிலத்தைக் கேட்டும் ஏறுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர்,
விழுப்புரம் மாவட்டம்.