நட்சத்திரக் குறி உள்ள ஒரு ரூபாய் பற்றி

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் இதழில் சென்ற வாரம் வெளிவந்த பழைய நாணயங்கள் பற்றிய கட்டுரையில், ஆண்டுக்குக் கீழே நட்சத்திரக் குறி உள்ள ஒரு ரூபாய் நாணயம் கைவசம் இருந்தால் அதைப் பல லட்சம் ரூபாய்க்கு விற்கலாம் என்று ஒரு வரி அச்சாகியிருந்தது. கட்டுரையோடு படம் போட்டிருந்த நாணயத்தில் உள்ள அந்த நட்சத்திரம் ஐதராபாத் நாணயச்சாலையின் அடையாளம் என்பது தாங்கள் அறியாததல்ல. மும்பையில் அடித்ததற்குச் சாய்சதுரம், நொய்டாவில் அடித்ததற்குப் புள்ளி. கொல்கத்தாவில் அடித்ததற்குக் குறியே கிடையாது. எங்கே அடித்தது என்று சொல்வதற்காக வைத்த குறியைப் புதையலின் முத்திரையாகக் காட்டும் வரி எப்படித் தங்கள் மேசையைக் கடந்து அச்சுக்குப் போயிற்று என்பது எனக்கு விளங்கவில்லை.

நான் அரசுப் பேருந்தில் நடத்துநராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். கடைசி நடை முடிந்து டிப்போவில் வசூலைக் கட்டுவதற்கு முன், பையில் உள்ள சில்லறையை மேசையில் கொட்டி அடுக்கும்போது வித்தியாசமாக ஏதேனும் தென்பட்டால், அதற்கு ஈடான என் கைக்காசை வைத்துவிட்டு அதை எடுத்துக்கொள்வேன். அப்படிச் சேர்ந்தவைதான் என்னிடம் இருப்பவை அனைத்தும். கடையில் விலை கொடுத்து வாங்கியது ஒன்றும் இல்லை. நேரு மறைந்த 1964ஆம் ஆண்டில் அவர் உருவத்தோடு வந்த ஐம்பது காசு, நம் நாணயச்சாலைகளால் ஈடுகொடுக்க முடியாமல் 1985இல் இங்கிலாந்தில் அடித்துத் தருவிக்கப்பட்டு ஆண்டுக்குக் கீழே 'எச்' என்ற எழுத்தைத் தாங்கிய ஒரு ரூபாய், எட்டாம் உலகத் தமிழ் மாநாட்டையொட்டி 1995இல் வந்த திருவள்ளுவர் நாணயம், 2003இல் வந்த காமராசர் நூற்றாண்டு நாணயம் ஆகியவை எல்லாம் பயணிகள் கை வழியாகவே என்னிடம் வந்தவை. உலகப் போரின்போது உலோகத்தை மிச்சம் பிடிப்பதற்காக நடுவில் துளை விட்டு அடித்த ஓட்டைக் காலணாகூட, கூட்டம் மிகுந்த ஒரு மாலை நடையில், செல்லுகிற காசோடு காசாக என் உள்ளங்கையில் விழுந்தது. அண்ணா நூற்றாண்டுக்காக 2009இல் வந்த ஐந்து ரூபாயைத் தாங்களும் பார்த்திருப்பீர்கள். அண்ணாவின் உருவத்துக்குக் கீழே அவருடைய கையெழுத்து தமிழிலேயே பொறிக்கப்பட்டிருக்கும். அதை முதன்முதலாகக் கண்ட அன்று, சில்லறையை எண்ணுவதை நிறுத்திவிட்டு நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த மகிழ்ச்சிக்கு விலை கிடையாது. விற்கப் போனாலும், கைமாறித் தேய்ந்த இத்தகைய நாணயங்களில் பெரும்பாலானவற்றுக்கு முகமதிப்பைவிடக் கொஞ்சம் கூடுதலாகக் கிடைத்தாலே பெரிது.

தங்கள் இதழில் இது முதல் தடவையும் அல்ல. முன்பொரு தீபாவளி மலரில் காந்தியடிகள் உருவம் பொறித்த இருபது காசைப் படமாக வெளியிட்டு, 1948இல் வந்த அரிய நாணயம் என்று அதன் கீழே எழுதியிருந்தீர்கள். அதில் உள்ள 1869, 1948 என்னும் எண்கள் அவருடைய பிறப்பையும் மறைவையும் குறிப்பவை. நாணயம் வந்தது நூற்றாண்டு விழாவின்போது, 1969இல். ஒரு ரூபாய்க்கு நூறு காசு என்ற கணக்கே 1957 ஏப்ரல் முதல் நாளன்றுதான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்பு ரூபாய்க்குப் பதினாறு அணா. அந்தக் கணக்கில் இருபது காசு எங்கிருந்து வந்திருக்கும்? அன்றே விளக்கமாக ஒரு கடிதம் எழுதினேன். அது வெளிவரவும் இல்லை, பதில் வரவும் இல்லை. தங்களுக்கு வேலை மிகுதி என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன்.

இந்த முறை அப்படி இருக்க முடியவில்லை. எங்கள் தெருவில் தனியாக வசிக்கும் ஓர் அம்மையார் இதே போன்ற ஒரு செய்தியை நம்பி, சாமி மாடத்தில் வைத்திருந்த தாமரை போட்ட இருபது காசையும் வைஷ்ணவி தேவி உருவம் உள்ள ஐந்து ரூபாயையும் விற்க முயன்றார். கைப்பேசியில் பேசிய ஆள், ரிசர்வ் வங்கியின் முத்திரையோடு ஒரு கடிதத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பி, முதலில் பதிவுக் கட்டணம் என்றும், பிறகு வரி என்றும் சொல்லிப் பணம் கறந்துவிட்டான். பேரனின் பள்ளிக் கட்டணத்துக்காக ஒதுக்கி வைத்திருந்த பணம் அது. தான் பழைய நாணயங்களை வாங்குவதோ விற்பதோ இல்லை, அதற்காக யாரிடமும் கட்டணமோ தரகோ கேட்பதும் இல்லை என்று ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்டு 4ஆம் தேதியே வெளிப்படையாக எச்சரித்திருக்கிறது. லட்சங்களைப் பற்றி முழுப் பக்கம் எழுதிய தங்கள் கட்டுரையாளருக்கு இந்த எச்சரிக்கைக்காக ஒரு வரி ஒதுக்க மனம் வரவில்லையா?

அந்தக் கட்டுரை வந்த பிறகு, என்னிடம் நாணயங்களைக் காட்டி விலை கேட்பவர்கள் வந்தவண்ணம் இருக்கிறார்கள். படத்தில் இருந்ததுபோல் பளபளக்க வேண்டும் என்று புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்துக் கொண்டுவருகிறார்கள். அப்படித் தேய்த்த காசைச் சேகரிப்பவர் எவரும் விரும்புவதில்லை. காலம் ஏற்றிய நிறமும் எழுத்துகளின் கூர்மையும் ஒரே கழுவலில் போய்விடுகின்றன. இன்னொரு பக்கம், இதே மக்கள் பத்து ரூபாய் நாணயத்தைக் கையில் வாங்க மறுக்கிறார்கள். பதினான்கு வடிவங்களும் செல்லும் என்று 2018 ஜனவரியில் ரிசர்வ் வங்கி அறிவித்தும் கடைகளில் அந்த வழக்கு ஓய்ந்தபாடில்லை. செல்லுகிற பத்து ரூபாயைச் செல்லாது என்று ஒதுக்குவதும், ஒரு ரூபாய்க்குச் செல்லுகிற காசை லட்சம் என்று பூட்டி வைப்பதும் ஒரே அறியாமையிலிருந்து வருபவை. அதைப் போக்க வேண்டிய இதழே வளர்த்தால் நாங்கள் யாரிடம் போய் முறையிடுவது?

நான் கேட்பது சிறிய ஒன்றுதான். கட்டுரை வந்த அதே பக்கத்தில், கண்ணில் படும் அளவு எழுத்தில், நட்சத்திரக் குறி பற்றிய திருத்தத்தையும் ரிசர்வ் வங்கியின் எச்சரிக்கையையும் ஒரு கட்டத்துக்குள் வெளியிடுங்கள். நான்கு நாணயச்சாலைகளின் குறிகளையும் படத்தோடு போட இடம் இருந்தால் நன்று. என்னிடம் உள்ள நாணயங்களைப் படம் எடுத்துக்கொள்ளத் தங்கள் நிருபர் எந்த நாளிலும் வரலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நடத்துநர் ஒருவர்,
மன்னார்குடி.